தருப்பைக் குகன்

குகனின் கயாக் படகு கிடைத்தது. துடுப்பு கிடைத்தது. தூண்டில் கம்பு கூட, நுனி உடைந்து, பிறை ஆற்று முகத்துவாரத்துச் சேற்றில் செருகிக் கிடந்தது. குகன் மட்டும் கிடைக்கவில்லை. மீட்புப் படை பொம்பாக்காரர்கள் தேடிவிட்டுப் போனார்கள். மீன்பிடிப் படகுக்காரர்கள் இன்னும் கொஞ்ச நாள் தேடினார்கள். பிறகு அவர்களும் தங்கள் வலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அது மழைக்கு முன்னால். இப்போது மழை விட்டுவிட்டது.

லோகேஸ்வரி அவனுக்கு அக்கா. தீவில், ஜார்ஜ்டவுனில், ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தாள். அம்மா இறந்தபோது குகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவள்தான் வளர்த்தாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "நேரம் கிடைக்கல லா" என்பாள். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. உருப்பெருக்கி வழியாக மின்னணுச் சில்லுகளைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க வேண்டும். வேலை முடிந்து வந்தால் மீன் கட்டுவாள்.

மீன் கட்டுவது என்பது அவள் பேச்சு. குகன் ஃப்ளை என்பான். தூண்டில் முள்ளின் மேல் மான்வால் முடியையும் நைலான் இழையையும் வைத்து, நூலால் சுற்றிச் சுற்றிச் சின்ன மீன் போலச் செய்வது. கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும்போது கண்டல் ஓரமாகக் கொடுவா மீன் வரும். மடவைக் குஞ்சுகளைத் துரத்திக்கொண்டு வரும். அந்த நேரம் இந்தப் பொய் மீனை எறிந்து, விட்டு விட்டு இழுத்தால், நிஜம் என்று நம்பிக் கவ்வும்.

முதலில் குகன்தான் வீடியோ பார்த்துக் கட்டத் தொடங்கினான். அவனுக்குப் பெரிய கை. கட்டினால் முடியெல்லாம் உதிர்ந்துவிடும். "கொடு இங்க" என்று ஒருநாள் வாங்கினாள். பிறகு திருப்பிக் கொடுக்கவில்லை. பாசார் மீன்கடையிலிருந்து மடவைக் குஞ்சுகளை வாங்கி வந்து வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் போட்டாள். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். முதுகு மங்கலான பச்சை. வயிறு வெள்ளை. நடுவில் ஒரு மினுக்கம், இருக்கிறதா இல்லையா என்பது போல. அவ்வளவுதான் மீன். நிறைய முடி வைத்தால் துடைப்பம் ஆகிவிடும். குறைத்துக்கொண்டே போனால், ஓரிடத்தில் அது உயிரோடு இருப்பது போல ஆகும். அந்த இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும்.

ஒரு தடவை பொய் மீனுக்கு ஒட்டுகிற கண் தீர்ந்துபோயிருந்தது. கண் இல்லாமலே கட்டிக் கொடுத்தாள். சாயங்காலம் குகன் போன் செய்தான்.

"அக்கா, பின்னாலேயே வருது. என் காலு வரைக்கும் வருது. வாயைத் தொறக்க மாட்டேங்குது."

"ஏன்டா?"

"கண்ணு இல்லையே. எங்க பாத்து அடிக்கும்?"

அதற்குப் பிறகு அவள் கண் இல்லாமல் கட்டியதில்லை. ஒட்டுகிற கண்கள். கறுப்புப் புள்ளி, சுற்றி வெள்ளி வளையம். மேலே ஒரு சொட்டு ரெசின் பசை விட்டு நீல விளக்கைக் காட்டினால் கல்லாக இறுகிவிடும்.

மழை விட்ட பிறகு சந்திரிகா போன் செய்தாள். குகனின் மனைவி. கடலுக்கு அந்தக் கரையில், பாகான் டாலாமில், அவனும் அவளும் இருந்த வாடகை வீட்டிலேயே இன்னும் இருந்தாள்.

"அண்ணி, என்னால முடியல."

"என்ன ஆச்சு?"

"அவரு வராரு."

லோகேஸ்வரி கையிலிருந்த நூலைக் கீழே வைத்தாள்.

"காலையில எழுந்து பாத்தா ஹால்ல ஈரம். ஆத்துச் சேறு நாத்தம். குளியலறைக் குழாய் தொறந்து கிடக்குது. நேத்து அவரு சட்டை கொடியில தொங்குது அண்ணி, நனைஞ்சு. நான் ஹால் அலமாரியில மடிச்சு வச்ச சட்டை."

"நீயே துவைச்சுப் போட்டு மறந்திருப்ப."

"நான் மறப்பேனா? அவரு சட்டைய?"

அந்த வாரமே லோகேஸ்வரி கடல் பாலம் தாண்டிப் போனாள். சந்திரிகாவுக்குத் துணைக்கு என்று சொல்லிக்கொண்டாள். ஹாலில் பாய் விரித்துப் படுத்தாள். சில ராத்திரிகள் தங்கினாள். தரை காய்ந்தே இருந்தது. குழாய் மூடியே இருந்தது. சந்திரிகா முகம் கொஞ்சம் தெளிந்தது. "நீங்க இருந்தா வரதில்ல அண்ணி" என்றாள் நன்றியோடு.

லோகேஸ்வரி வீடு திரும்பிய மறுநாள் காலை போன் வந்தது.

"வந்துட்டாரு அண்ணி."

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. தன் குளியலறைக் குழாயைச் சொட்டும்படி விட்டுவைத்தாள். அவனுடைய பழைய சட்டை ஒன்று அவளிடம் இருந்தது. அதைக் கொடியில் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. வளர்த்தவள் நான், என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவன் சந்திரிகாவோடு இருந்தது எத்தனை வருஷம், அக்காவோடு எத்தனை வருஷம். வேண்டாம் வேண்டாம் என்று அழுகிறவளிடம் போகிறான். வா என்பவளிடம் வரவில்லை.

சந்திரிகாவின் அண்ணன் குணாளன் ஒரு பண்டாரத்தைப் பிடித்தான். உடம்பு கிடைக்காவிட்டால் தருப்பைப் புல்லில் உடம்பு செய்ய வேண்டும் என்றார் பண்டாரம். செய்து, பேர் சொல்லி, கடலோரம் வைத்துக் கொளுத்த வேண்டும். செத்தவனுக்குத் தான் செத்தது தெரியாது. தெரியவைக்க வேண்டும். தெரிந்துவிட்டால் போய்விடுவான்.

குணாளன் லோகேஸ்வரிக்குப் போன் செய்தான். "அக்கா, புல்லு நிக்க மாட்டேங்குதாம், கட்டறதுக்கு ஆளு வேணும்னு சொல்றாரு. உங்க கை மாதிரி யாருக்கு வரும்? நூல் சாமானெல்லாம் எடுத்துட்டு வந்துருங்க."

"வரேன்" என்றாள்.

"அக்கா கட்டினா அது நீந்தும் லா" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்பு என்று பட்டதோ என்னவோ, போனை வைத்துவிட்டான்.

*

சனிக்கிழமை காலை. சந்திரிகாவின் வீட்டு வாசலில் செருப்புகள் அதிகம் இல்லை. பண்டாரம் வயதானவர் அல்ல. சட்டை பாக்கெட்டில் கைப்பேசியும் நெற்றியில் திருநீறும். லோகேஸ்வரியிடம் புல் கட்டைக் கொடுத்தார்.

"ஒரு முழம் இருந்தா போதும்மா. தலை, ரெண்டு கை, ரெண்டு கால். முகம் வேணாம்."

"ஏன் ஐயா?"

"போறவனுக்கு எதுக்கு முகம்? நம்ம அடையாளம் நமக்குத்தான். அவனுக்கு வழி இருந்தா போதும்."

அவள் பின்கட்டில், சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். புல்லை நனைத்து எடுத்தாள். தருப்பை மான்முடி மாதிரி இல்லை. ஓரம் கூர்மை, விரலைக் கீறியது. ஆனால் நூலுக்கு எல்லாம் ஒன்றுதான். இழுத்துப் பிடித்தால் அடங்கும். அதிகம் இழுத்தால் அறுக்கும். முதுகுத்தண்டுக்கு ஒரு கற்றை வைத்துச் சுற்றினாள். கைகளைக் குறுக்கே கட்டினாள். தேவையில்லாததை வெட்டினாள். குறைத்துக்கொண்டே போனாள்.

குகனுக்கு இடது தோள் சற்று இறங்கியிருக்கும். பள்ளிக்கூடப் பையை எப்போதும் அந்தத் தோளிலேயே மாட்டியதால் என்று அவள் திட்டுவாள். பொம்மைக்கும் இடது தோள் இறங்கி வந்தது. அவள் அப்படிக் கட்டவில்லை. அப்படி வந்தது.

சந்திரிகா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்தாள். தண்ணீர் குடிக்காமல் போய்விட்டாள்.

பொம்மையை நிமிர்த்திப் பிடித்தாள் லோகேஸ்வரி. எல்லாம் இருந்தது. இருந்தும் அது புல்லாகத்தான் இருந்தது. பின்னாலேயே வருவான், வாயைத் திறக்கமாட்டான். அவள் பெட்டியைத் திறந்தாள். பெரிய கொடுவாவுக்கென்று வைத்திருந்த கண்களில் ஒரு ஜோடி எடுத்தாள். ஒட்டினாள். ரெசின் விட்டாள். நீல விளக்கைக் காட்டினாள். வெளியே பண்டாரம் யாரிடமோ போனில் அடுத்த சாவு வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி அவன் அக்காவைத் தேடி வருவான். எரிவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை வந்தால் போதும். அப்படித்தான் நினைத்தாள். பிறகு வெள்ளைத் துணியை எடுத்துத் தலையிலிருந்து கால்வரை நன்றாகச் சுற்றினாள்.

*

முகத்துவாரம் தெரிகிற இடத்தில், கரையில் விறகு அடுக்கியிருந்தது. சிறிய அடுக்கு. கோழி சுடப் போதும். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. எதிரே தீவில் கட்டடங்கள் வெயிலில் வெளுத்து நின்றன.

பண்டாரம் பொம்மையைக் கிடத்தினார். குகன் பேரைச் சொன்னார். அப்பன் பேர், பாட்டன் பேர் கேட்டார். பாட்டன் பேர் மற்ற யாருக்கும் தெரியவில்லை. லோகேஸ்வரி சொன்னாள். சந்திரிகா வாய்க்கரிசி போடக் குனிந்தாள். காற்று அடித்தது. துணியின் மேல் முனை புரண்டது.

சந்திரிகா அரிசியைக் கீழே போட்டாள். கத்தவில்லை. பின்னால் நகர்ந்து, நகர்ந்து, குணாளன் மேல் இடித்து நின்றாள்.

"பாக்கறாரு" என்றாள்.

பண்டாரம் துணியை விலக்கினார். வெயிலில் கண்கள் மின்னின. பெரிதாக, ஈரமாக. நிற்கிற ஒவ்வொருவரையும் அவை பார்த்தன.

"யாரும்மா வச்சது?"

யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் லோகேஸ்வரியைப் பார்த்தார்கள்.

"முகம் வேணாம்னு சொன்னேனே மா."

"முகம் வைக்கல. கண்ணு மட்டும்தான்."

குணாளனுக்குக் கோபம் வந்தது. "அக்கா, இது என்ன உங்க மீன் வெளையாட்டா? எவ்வளவு சூசா பட்டு இவர கூட்டிட்டு வந்தேன்?"

"எடுத்துடுங்க" என்றார் பண்டாரம். "பாக்கறதை நான் கொளுத்த மாட்டேன். என் அப்பாவும் செஞ்சதில்ல."

லோகேஸ்வரி நகரவில்லை. சந்திரிகா அவளிடம் வந்தாள். அழுது அழுது வீங்கிய முகம், ஆனால் இப்போது அழவில்லை.

"அவரு உங்ககிட்ட வரணும். அதுக்குத்தானே அண்ணி?"

லோகேஸ்வரி மணலைப் பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போங்க."

"சந்திரிகா..."

"நெசமாத்தான். எனக்கு அவரு வேணாம்னு இல்ல. எனக்குத் தூக்கம் வேணும். நீங்க வச்சுக்குங்க."

"அப்படிக் கொண்டு போகக் கூடாதும்மா" என்றார் பண்டாரம்.

"போனா?" என்று லோகேஸ்வரி கேட்டாள். கேட்ட வேகம் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"போனா அங்கயே இருப்பான். வேற எங்கயும் போக மாட்டான்."

அவள் பொம்மையை எடுத்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. கார் வரைக்கும் நடந்தபோது பின்னால் குணாளனின் குரல் மட்டும் கேட்டது. "இந்தக் குடும்பத்துல பொண்ணு கொடுத்தோம் பாரு."

*

பக்கத்து இருக்கையில் சாய்த்து வைத்தாள். துணியை இறக்கி இடுப்பு வரை போர்த்திவிட்டாள். பொம்மைக்கு எடையே இல்லை. பிறையில் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போனாள். ஒரு லாரிக்காரன் மேலிருந்து பக்கத்து இருக்கையை எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பினான். சுங்கச்சாவடி தாண்டிப் பாலம் ஏறினாள். இரண்டு பக்கமும் தண்ணீர், உச்சி வெயில்.

பாலத்தின் மேட்டுக்கு வந்தபோது அது அடிக்க ஆரம்பித்தது.

டிங். டிங். டிங்.

முன்னால் விளக்குப் பலகையில் சிவப்பு அடையாளம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை. அந்தக் காரில் கைப்பைக்கு அது அடிக்காது. அரிசி மூட்டைக்கு அடிக்கும். ஆளுக்கு அடிக்கும்.

லோகேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். சேற்று நாற்றம் மெல்ல எழுந்தது. தண்ணீர் இறங்கிய கண்டல் வேர்களின் நாற்றம். அவன் மீன்பிடித்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றாமல் ஹாலுக்குள் நுழையும்போது வருமே, அது.

"வந்துட்டியா" என்றாள்.

டிங். டிங்.

"பெல்ட்டப் போடுடா."

சிரிப்பு வந்தது. கண் நிறைந்து பாதை கலங்கியது. அவள் பேசினாள். தொழிற்சாலையில் புது மேனேஜர் வந்த கதை. எதிர் வீட்டு ரோசலின் அக்கா பூனைக்குக் கால் உடைந்த கதை. பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. சொட்டட்டும் என்று விட்டாள். இத்தனை மாதம் காய்ந்த தரையைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள்.

பிறகுதான் திரும்பினாள்.

இருக்கை நனைந்து கறுத்திருந்தது. பொம்மை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் கண்ணாடிக்கு வெளியே, பாலத்துக்குக் கீழே, தண்ணீரைப் பார்த்தன. கார் குலுங்கித் திரும்பியிருக்கும். கையை நீட்டித் தன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஈரமாக இருந்தது. குளிர்ச்சியாக இருந்தது.

"இங்க பாரு. அக்காதான்."

கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தபோது மறுபடியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுபடியும் திருப்பினாள். இந்தத் தடவை கழுத்தில் ஓர் எதிர்ப்பு இருந்தது. சின்ன எதிர்ப்பு. முள் மாட்டிய மீன் முதலில் தலையைத் திருப்பும், அந்த அளவு. கம்பைப் பிடித்திருக்கிறவனுக்கு மட்டும் தெரியும். ஒரு முறை குகன் அவள் கையில் கம்பைக் கொடுத்து அதைக் காட்டியிருக்கிறான். "தெரியுதா அக்கா? அது நம்மகிட்ட வரல. நம்ம இழுக்கறோம்."

அவள் கையை எடுத்துவிட்டாள்.

கண்ணைப் பார்த்துத்தான் வந்தான். கண்ணை வைத்தது யார் என்று பார்த்து வரவில்லை. அவள் கட்டிய எதுவும் எந்த மீனையும் அவளிடம் அழைத்து வந்ததில்லை. முள்ளில் மாட்டத்தான் வைத்திருக்கிறது. இவனை வீட்டுக்குக் கொண்டு போவாள். மேசை மேல் வைப்பாள். அவள் பேசுவாள். அவன் ஜெலுத்தோங் வீட்டு ஜன்னல் வழியாகக் கடல் இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் சாகிறவரை. அதற்குப் பிறகும்.

பாலத்தில் திரும்ப முடியாது. தீவு வரை போய்த்தான் ஆக வேண்டும். போனாள். வீட்டுக்குப் போகிற வழியை விட்டு, சுற்றி, மறுபடியும் பாலம் ஏறினாள். அந்த மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெல்ட்டை எட்டி இழுத்து மாட்டினால் நின்றுவிடும். அவள் மாட்டவில்லை. அடிக்கிற வரைக்கும் அடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே ஓட்டினாள்.

*

கரையில் அவர்கள் இன்னும் இருந்தார்கள். அடுக்கிய விறகைச் சும்மா விட்டுப் போகக் கூடாது என்று பண்டாரம் நின்றுவிட்டார். சந்திரிகாவுக்கு அந்த வீட்டுக்குப் போகப் பயம். குணாளன் எல்லோருக்கும் பாக்கெட்டில் கோப்பி வாங்கி வந்திருந்தான். காரைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பொம்மையை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு, இடுப்பு வளைய நடந்து வருவதைப் பார்த்து விலகி வழி விட்டான்.

புல் தண்ணீர் குடித்தால் பாரம் ஏறும், என்று லோகேஸ்வரி தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மணலில் உட்கார்ந்து மடியில் கிடத்தினாள். ரெசின் கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினாள். வரவில்லை. அவள் கட்டியது எதுவும் லேசில் கழன்றதில்லை. கை வழுக்கியது. சந்திரிகா எதிரே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தத் தலையை அசையாமல் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டாள்.

"இழுங்க அண்ணி."

முதல் கண் புல்லோடு பிய்ந்து வந்தது. லோகேஸ்வரியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரண்டாவதை எடுக்கும்போது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கண்களைப் பண்டாரம் வாங்கி வெற்றிலையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை.

குணாளன் கொளுத்தினான். ஈரப் புல் எரிய மறுத்தது. புகை மட்டும் வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினான். "மச்சான், கோச்சுக்காத லா" என்று முணுமுணுத்தான். நூல் முதலில் கருகி அறுந்தது. கட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ, கை கையாக, கால் காலாக, அது திரும்பவும் வெறும் புல் ஆகி விரிந்தது. பிறகு பிடித்துக்கொண்டது.

இரண்டு பெண்களும் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் முழுக்க ஏறி அசையாமல் நின்றது.

சந்திரிகா கேட்டாள். "வந்தாரா?"

"வந்தான்."

"என்ன சொன்னாரு?"

லோகேஸ்வரி யோசித்தாள். வேறு ஏதாவது சொல்லலாம் என்று தோன்றியது. உன்னைக் கேட்டான் என்று சொல்லலாம்.

"ஒன்னும் சொல்லல. என்னைப் பாக்கக்கூட இல்ல. கடலையே பாத்துட்டு இருந்தான்."

சந்திரிகா தலையசைத்தாள். காலடியில் இருந்த மணலை எடுத்து, விரலிடுக்கில் வழிய விட்டாள்.

"என்கிட்டயும் அப்படித்தான் அண்ணி" என்றாள். "ஒரு நாள் கூட உள்ள அறைக்கு வந்ததில்ல."

புகை திசை மாறி அவர்கள் பக்கம் வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.